மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் போட்ட வாலிபர்

பெரம்பலூரிலும் சரி, அரியலூரிலும் சரி, மோட்டார் சைக்கிள் பட்டறைகளுக்குக் குறைவில்லை. பழைய புல்லட் ஒன்று கிளட்ச் கோளாறுடன் வந்து நின்றால், மெக்கானிக் இடது பக்கத்துச் செயின் கேஸைக் கழற்றுகிறார். பிளேட்டுகளை ஒவ்வொன்றாக உருவி எடுத்து, சாக்குத் துணியின்மேல் வரிசை மாறாமல் அடுக்கி வைக்கிறார். எந்தப் பிளேட்டுக்குப் பின் எந்தப் பிளேட் என்பது அவருக்குப் புத்தகம் படித்து வந்த அறிவு அல்ல. பிரித்துப் பிரித்துப் பூட்டியதில் வந்த அறிவு.

இந்த வழியில் தொழிலைக் கற்று, பின்னாளில் நூற்றுக்கணக்கான பஸ்களுக்கு அதிபராகி, மின்சார மோட்டாரும் காரும் செய்து காட்டிய ஒருவர் தமிழ்நாட்டில் இருந்தார். அவர் தொடங்கியதும் ஒரு மோட்டார் சைக்கிளில்தான். அவரே கோயமுத்தூர் ஜி.டி.நாயுடு.

மணலை வீசிய மாணவன்

கோயமுத்தூரை அடுத்த சூலூருக்குப் பக்கத்தில் கலங்கல் என்று ஒரு கிராமம். அங்கே விவசாயம் செய்துவந்த கோபால்சாமி நாயுடுவுக்கு 1893ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் தேதி ஓர் ஆண் குழந்தை பிறந்தது. துரைசாமி என்று பெயர் வைத்தார்கள். குழந்தை சிறியதாக இருக்கும்போதே தாய் காலமானாள். உறவினர் வீட்டில் வளர்ந்தான் துரைசாமி.

பள்ளிக்கூடம் அவனுக்குப் பிடிக்கவில்லை. மணலை அள்ளி வாத்தியார் கண்ணில் வீசிவிட்டு ஓடிய பையன் என்று ஊரில் பேர் வாங்கினான். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. இப்படிப்பட்ட பையனை அந்தக் காலத்தில் என்ன செய்வார்கள்? காட்டு வேலைக்கு அனுப்பினார்கள். துரைசாமியும் ஏர் பிடித்தான், தண்ணீர் பாய்ச்சினான். ஆனால் எழுத்தை அவன் அடியோடு விட்டுவிடவில்லை. கையில் கிடைத்த தமிழ்ப் புத்தகங்களைத் தானாகவே எழுத்துக்கூட்டிப் படித்தான். வாத்தியார் மீதுதான் வெறுப்பு. படிப்பின் மீது இல்லை.

துரையின் வண்டி

இருபது வயதையொட்டி அவர் வாழ்க்கையைத் திருப்பிவிட்ட சம்பவம் நடந்தது. ரெவின்யூ இலாகாவைச் சேர்ந்த ஒரு வெள்ளைக்கார உத்தியோகஸ்தர் அந்தப் பக்கம் மோட்டார் சைக்கிளில் வந்தார். அது 1912ஆம் வருஷத்து ரட்ஜ் வண்டி. இங்கிலாந்தில் கோவென்ட்ரி நகரத்துத் தயாரிப்பு. மாடும் இல்லை, குதிரையும் இல்லை; ஆனாலும் வண்டி ஓடுகிறது! கிராமத்து வாலிபர் மலைத்துப் போனார். நடுவழியில் வண்டி நின்றுவிட்டதென்றும், துரை தரையில் உட்கார்ந்து அதைச் சரிசெய்ததை நாயுடு கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றார் என்றும் சொல்வார்கள்.

வண்டி போய்விட்டது. அதன் நினைப்பு போகவில்லை. எப்படியும் அந்த மோட்டார் சைக்கிளை வாங்கிவிட வேண்டும் என்று முடிவு செய்தார். கையில் காசு கிடையாது. காட்டு வேலையில் காசு சேராது. கோயமுத்தூருக்குப் போய் ஒரு ஓட்டலில் சர்வராகச் சேர்ந்தார்.

எச்சில் இலை எடுத்தார், மேஜை துடைத்தார், காப்பி கொண்டுவந்து வைத்தார். ஓட்டலிலேயே சாப்பாடு, ஆகையால் சம்பளத்தில் செலவு குறைவு. மூன்று ஆண்டுகள் இப்படியே கழிந்தன. ஒரு விவசாயி மகன் மூன்று ஆண்டுச் சம்பளத்தைச் சேர்த்தால் அந்த நாளில் மாடு வாங்குவான், கொஞ்சம் பூமி வாங்குவான், கல்யாணம் செய்துகொள்வான். இவரோ சேர்த்த பணத்தை எடுத்துக்கொண்டு அதே துரையைத் தேடிப் போனார். சுமார் 300 ரூபாய் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் தொகை. பணத்தைக் கொடுத்தார், வண்டியை வாங்கினார்.

வாங்கியவர் ஊரைச் சுற்றி வந்து மார்தட்டிக்கொள்ளவில்லை. வண்டியை நிறுத்தி, ஒவ்வொரு பாகமாகப் பிரித்துக் கீழே போட்டார்! பார்த்தவர்களுக்கு வயிற்றெரிச்சலாக இருந்திருக்கும். மூன்று வருஷத்து உழைப்பு திருகாணியும் தகடுமாகத் தரையில் கிடந்தது. மீண்டும் பூட்டத் தெரியாமல் போயிருந்தால் அத்தனையும் இரும்பு விலைக்குத்தான் போயிருக்கும். சொல்லிக்கொடுக்க ஆளில்லை, பார்த்துச் செய்யப் புத்தகமில்லை. மறுபடியும் பூட்டினார். வண்டி ஓடியது. அன்றிலிருந்து அவர் ஒரு மெக்கானிக்.

கிளட்ச் என்னும் புதிர்

அந்த நாளைய மோட்டார் சைக்கிளைப் பிரிப்பது என்ன பெரிய வேலை, இன்றைய வண்டிகளை விட எளிது தானே என்று நினைக்கலாம். பாகங்கள் குறைவுதான். ஆனால் மோட்டார் சைக்கிள் என்ற சாதனமே அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு வழியைப் பரீட்சை செய்து பார்த்த காலம் அது.

ஆரம்ப கால வண்டிகள் பலவற்றில் கிளட்ச் என்பதே கிடையாது. என்ஜினிலிருந்து ஒரு பெல்ட் நேராகப் பின்சக்கரத்துக்குப் போகும். சக்கரம் நின்றால் என்ஜினும் நின்றுவிடும். ஓட்டுபவர் வண்டியைத் தள்ளிக்கொண்டே ஓடி, என்ஜின் பிடித்துக்கொண்டதும் தாவி ஏறிக்கொள்ள வேண்டும். குறுக்கே ஒரு மாடு வந்து நின்றால் தீர்ந்தது. மறுபடியும் இறங்கி ஓடவேண்டியதுதான்.

என்ஜின் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும்; வண்டி மட்டும் நிற்கவேண்டும். இதற்குக் கண்ட வழிதான் கிளட்ச். தகடுகள் சில என்ஜின் பக்கத்தோடு சுற்றும். அவற்றுக்கு இடையிடையே உள்ள தகடுகள் சக்கரத்தின் பக்கத்தோடு சுற்றும். ஸ்பிரிங்குகள் எல்லாவற்றையும் சேர்த்து அழுத்திக்கொண்டிருக்கும்போது, உராய்வின் பலத்தால் எல்லாம் ஒன்றாகச் சுற்றுகின்றன. அழுத்தத்தை விலக்கினால் தகடுகள் பிரிகின்றன; என்ஜின் தன்பாட்டுக்கு ஓடுகிறது, சக்கரம் நிற்கிறது. பல்லும் பல்லும் கோத்துக்கொள்ளும் சக்கரங்களுக்கு நடுவில், வெறும் உராய்வை நம்பி வேலை செய்யும் பாகம் இது ஒன்றுதான். அதனால்தான் அது அடிக்கடி கோளாறு செய்கிறது.

ரட்ஜ் கம்பெனியார் இந்தத் துறையில் முன்னோடிகள். மல்ட்டி என்ற பெயரில் அவர்கள் வெளியிட்ட வண்டியில், பெல்ட் ஓடும் கப்பியின் விளிம்பை அகலமாக்கியும் குறுக்கியும் சுமார் இருபது விதமான வேகங்களை ஓட்டுபவர் தேர்ந்தெடுக்கலாம். 1914ஆம் ஆண்டு மான் தீவில் நடந்த பிரசித்தி பெற்ற சீனியர் டி.டி. பந்தயத்தில் சிரில் புல்லின் என்ற வீரர் வென்றது ரட்ஜ் வண்டியில்தான். உலகத்துப் பந்தயக்காரர்கள் நாடிய கம்பெனியின் வண்டியைத்தான் கலங்கல் கிராமத்து வாலிபர் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

புல்லட்டுக்கும் அதே வைத்தியம்

நாயுடு கையாண்ட முறை இதுதான்: கோளாறைக் கண்டதும் பாகத்தை மாற்றாதே, அது என்ன வேலை செய்யவேண்டும், ஏன் செய்யவில்லை என்று பார். பழைய புல்லட் வைத்திருப்பவர்களுக்கு இந்த முறை இன்றும் கைகொடுக்கும். 1955ஆம் ஆண்டு சென்னையில் என்பீல்டு இந்தியா கம்பெனி ஏற்பட்டது முதல் புல்லட் நம் ஊர் வண்டியாகிவிட்டது. நான்கு கியரும் வலது பக்கத்து கியர் லீவரும் உள்ள அந்தப் பழைய வண்டிகளைச் சீராட்டி வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

கிளட்ச் கோளாறு இரண்டே வகை. ஒன்று, பிடிக்கவேண்டிய நேரத்தில் பிடிக்காமல் வழுக்குவது. மற்றொன்று, விடவேண்டிய நேரத்தில் விடாமல் பிடித்துக்கொள்வது.

பெரம்பலூர்க்காரர் ஒருவர் பின்னால் ஆளை ஏற்றிக்கொண்டு பச்சைமலை ஏற்றத்தில் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆக்சிலேட்டரைத் திருகினால் என்ஜின் அலறுகிறது. வண்டி மட்டும் வேகம் பிடிக்கவில்லை. கருகிய வாடை வருகிறது. இது வழுக்கும் கிளட்ச். உடனே புதுப் பிளேட் வாங்க ஓடவேண்டியதில்லை. கைப்பிடி லீவரை முதலில் ஆட்டிப் பார்க்க வேண்டும். கேபிள் இழுபடத் தொடங்குமுன் லீவர் கொஞ்சம் சும்மா ஆடவேண்டும். அந்த ஆட்டம் அறவே இல்லையென்றால், கேபிள் எப்போதும் கிளட்சைச் சிறிது இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்கிறது என்று அர்த்தம். ஸ்பிரிங்கின் அழுத்தம் பிளேட்டுகளுக்கு முழுமையாகப் போய்ச் சேரவில்லை. பிளேட் தேயத் தேய இந்த ஆட்டம் தானாகவே குறைந்துகொண்டு வரும்; ஆகையால் அவ்வப்போது பார்த்துவர வேண்டும். ஆட்டம் சரியாக இருந்தும் வழுக்கினால்தான் பிளேட் தேய்மானம், ஸ்பிரிங் தளர்ச்சி, செயின் கேஸில் தவறான எண்ணெய் ஆகியவற்றைச் சந்தேகிக்க வேண்டும்.

அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்பும் தூசியில் ஓடும் வண்டிக்கு வேறு விதமான தொல்லை. தூசி கேபிள் உறைக்குள் புகுந்து எண்ணெயோடு சேர்ந்து கெட்டித்துப் போகும். லீவரை இழுக்க இரண்டு கை பலம் வேண்டும். விட்டால் திரும்பி வராது. கிளட்சே கெட்டுவிட்டது என்று பிரித்துப் பார்ப்பார்கள். கேபிளைக் கழற்றிச் சுத்தம் செய்து எண்ணெய் விட்டால் பாதி நோய் போய்விடும்.

விடாத கிளட்சின் அடையாளம் வேறு. லீவரை முழுக்க இழுத்தும் முதல் கியர் போடும்போது கடகடவென்ற சத்தம். வண்டி முன்னால் நகரப் பார்க்கும். சூடேறிய பிறகு நியூட்ரல் கிடைக்காது. இங்கே லீவரின் ஆட்டம் அளவுக்கு மேல் இருக்கும். அல்லது பிளேட் வளைந்திருக்கும். அல்லது ஒரு ஸ்பிரிங் மட்டும் தளர்ந்து, பிரஷர் பிளேட் ஒரு பக்கமாகச் சாய்ந்து எழும்பும். ஸ்பிரிங்கை மாற்றினால் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுவதே புத்திசாலித்தனம்.

சரிசெய்வதில் ஒரு வரிசை உண்டு. பலர் இதில்தான் தவறுகிறார்கள். கேபிளைத் திருகித் திருகியே எல்லாவற்றையும் சரிசெய்யப் பார்ப்பார்கள். முதலில் கேபிளை நன்றாகத் தளர்த்திவிட வேண்டும். பிறகு கியர் பாக்ஸின் வலது பக்கத்து மூடிக்குள் இருக்கும் திருகாணியின் லாக் நட்டைத் தளர்த்தி, உள்ளே இருக்கும் புஷ் ராடைத் தொடும்வரை திருகாணியை மெல்லத் திருப்ப வேண்டும். தொட்டதும் அரைச் சுற்று பின்வாங்கி லாக் நட்டை இறுக்க வேண்டும். கடைசியில்தான் கேபிள். லீவரில் ஒரு நூல் அளவு, அதாவது இரண்டு மூன்று மில்லிமீட்டர், ஆட்டம் விட்டு நிறுத்தவேண்டும். இரவு முழுதும் நின்ற வண்டியில் பிளேட்டுகள் எண்ணெயில் ஒட்டிக்கொண்டிருக்கும். காலையில் லீவரை இழுத்துப் பிடித்துக்கொண்டு இரண்டு முறை கிக்கரை மிதித்துவிட்டால் அவை பிரிந்துவிடும்.

பருத்தியில் போன பணம்

மெக்கானிக்கான நாயுடு அத்தோடு நிற்கவில்லை. கொஞ்சம் பணம் சேர்ந்ததும் பருத்தி வியாபாரத்தில் இறங்கினார். பம்பாய்க்குப் போனார். பெரிய வியாபாரிகளோடு போட்டி போட்டார், கைப்பொருளை இழந்தார். இயந்திரத்தைப் பிரித்தால் கோளாறு தெரியும். பருத்திச் சந்தையை யாரால் பிரித்துப் பார்க்க முடியும்?

கோயமுத்தூர் திரும்பிய அவருக்கு, அங்கே பெரிய ஸ்தாபனத்தை நடத்திவந்த சர் ராபர்ட் ஸ்டேன்ஸ் கைகொடுத்தார். அவருடைய கடன் உதவியோடு 1920ஆம் ஆண்டு நாயுடு ஒரு பஸ் வாங்கினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அது ஓடியது. ஓட்டியவர் வேறு யாருமில்லை; நாயுடுவேதான். முதலாளியும் அவர், டிரைவரும் அவர், வழியில் நின்றால் ரிப்பேர் செய்பவரும் அவர்.

ஒரு பஸ் பல பஸ்களாயிற்று. யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்று பெயர், சுருக்கமாக யு.எம்.எஸ். குறித்த நேரத்துக்குப் புறப்பட்டு, குறித்த நேரத்துக்குப் போய்ச் சேருவதில் அது பேர் வாங்கியது. 1933ஆம் ஆண்டில் யு.எம்.எஸ்.ஸில் 280 பஸ்கள் இருந்தன. அத்தனை வண்டிகளையும் பழுதில்லாமல் ஓட்டவேண்டுமானால் பெரிய பட்டறை வேண்டும். அந்தப் பட்டறைதான் அடுத்த கட்டத்துக்குக் கதவைத் திறந்தது.

1937ஆம் ஆண்டு, இந்தியாவிலேயே முதன்முதலாக உருவான மின்சார மோட்டார் நாயுடுவும் தி.பாலசுந்தரமும் சேர்ந்து செய்ததாகும். அதுவரை அவை வெளிநாட்டிலிருந்துதான் வந்தன. கிணற்றில் பம்பு செட் ஓடினால் வெள்ளாமை. மில்லில் மோட்டார் ஓடினால் நூல். மோட்டார் பம்பு என்றால் கோயமுத்தூர் என்று இன்று நாடு முழுதும் சொல்வதற்கு வித்து அங்கே விழுந்தது.

அதன்பின் அவர் கையிலிருந்து வந்த சாமான்களுக்கு ஒரு கணக்கு வைப்பது கஷ்டம். பாட்டரியில் ஓடும் ரசாந்த் சவரக் கருவி, மிக மெல்லிய பிளேடு, பழரசம் பிழியும் இயந்திரம், கிரோசினில் ஓடும் விசிறி, மோசடி செய்ய முடியாத வோட்டுப் பதிவு இயந்திரம். விவசாயத்தையும் விடவில்லை; பருத்தியிலும் பப்பாளியிலும் புது ரகங்கள் கண்டார். சர் சி.வி.ராமனும் விசுவேசுவரய்யாவும் அவருடைய பண்ணையை வந்து பார்த்தார்கள்.

லைசென்ஸ் கிடைக்காத கார்

ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தன்னால் செய்துதர முடியும் என்று 1941இல் அறிவித்தார். 1952இல் இரண்டு பேர் உட்காரக்கூடிய சிறிய பெட்ரோல் காரைச் செய்து முடித்தார். விலை 2,000 ரூபாய்தான்! நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டக்கூடிய விலை. ஆனால் அதை உற்பத்தி செய்ய சர்க்கார் லைசென்ஸ் தரவில்லை. காரும் நின்றது.

இரும்பில் எந்தக் கோளாறையும் சரிசெய்யத் தெரிந்தவருக்கு, காகிதத்தில் வரும் கோளாறைச் சரிசெய்யத் தெரியவில்லை என்றுதான் சொல்லவேண்டும். வரிகளை எதிர்த்தும் அனுமதி முறைகளை எதிர்த்தும் ஓயாமல் சண்டையிட்டார். தாமே செய்த கருவிகளைப் பலர் முன்னிலையில் உடைத்துப் போட்டுத் தம் எதிர்ப்பைக் காட்டினார். பிரித்துப் பூட்டிப் பழகிய அதே கைகள் அப்படி உடைத்ததைச் சரியென்று ஒப்புக்கொள்வது கடினம். ஆனால் அவருடைய கோபத்தின் நியாயத்தை யாரும் மறுக்கமுடியாது.

அவருடைய பெரிய போராட்டம் காரைப் பற்றியது அல்ல. படிப்பைப் பற்றியது. 1945ஆம் ஆண்டு கோயமுத்தூரில் சென்னை மாகாணக் கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக்கும் என்ஜினீயரிங் கல்லூரியும் தோன்ற முக்கிய காரணமாக இருந்தவர் நாயுடு. கல்லூரிக்குப் பிரின்சிபாலாகவும் இருந்தார். மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவர், என்ஜினீயரிங் கல்லூரிக்குத் தலைவர்!

அங்கும் அவரால் சும்மா இருக்க முடியவில்லை. என்ஜினீயரிங் படிப்புக்கு நான்கு ஆண்டுகள் எதற்கு, இரண்டு ஆண்டுகள் தாராளமாகப் போதும் என்றார். மாணவன் இயந்திரத்தின் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் இயந்திரத்தையே கையில் கொடுத்துவிடலாம் என்பது அவர் கட்சி. சர்க்கார் ஒப்புக்கொள்ளவில்லை. நாயுடு பதவியை உதறிவிட்டு வெளியேறினார். நான்கு ஆண்டுப் படிப்பில் கணக்கும் விஞ்ஞானமும் ஆழமாகக் கற்பதற்கும் அவசியம் உண்டு. எல்லா மாணவரும் நாயுடு அல்ல. இருந்தாலும், டிப்ளமா வாங்கிவிட்டுத் திருப்புளி பிடிக்கத் தெரியாமல் நிற்கும் பிள்ளைகளைப் பெற்றவர்கள் இன்றைக்கும் அவர் சொன்னதில் பாதியையாவது ஒப்புக்கொள்வார்கள். அந்தக் கல்லூரிதான் இப்போது தடாகம் ரோட்டில் இருக்கும் அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி.

ஜி.டி.நாயுடு 1974ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் தேதி காலமானார். அவருடைய கருவிகள் கோயமுத்தூர் அவினாசி ரோட்டில் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கின்றன. அவருடைய மகன் ஜி.டி.கோபால் பழைய கார்களைத் திரட்டி வைத்த மியூசியம் 2015இல் திறக்கப்பட்டது. அதே ரோட்டில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் நீளத்துக்குக் கட்டிய மேம்பாலம் 2025ஆம் ஆண்டு அக்டோபர் 9ஆம் தேதி போக்குவரத்துக்கு விடப்பட்டது. அதற்கு ஜி.டி.நாயுடு பாலம் என்று பெயர்.